ஒரு கண்ணைப் பொத்தி வாசித்தவனுக்கு

இவ்வளவு காலம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். கோயில் பொறுப்பாளரான வண்ணக்கர், சடங்கில் வாசிக்கும் ஏட்டை இன்று காலை ஆள்மூலம் எனக்கு அனுப்பியிருந்தார். சிவப்புத் துணியை அவிழ்த்ததும் குங்கிலிய வாசனை. நீ இறந்து நான்கு ஆண்டாகிறது. இந்த முறையும் நான்தான் வாசிக்க வேண்டும்.

உன் கடைசி வைகாசிச் சடங்கில் நாம் இருவரும் மாறிமாறி வாசித்தோம். உன் முறை வந்தபோது இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாய். வாசித்த வரியையே மறுபடி வாசித்தாய். பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது.

"என்ன மச்சான் இது?" என்றேன் காதுக்குள்.

"எழுத்தெல்லாம் ரெண்டு ரெண்டாக் கிடக்குடா. பொத்தினாத்தான் ஒண்டாகுது. அம்மனும் ரெண்டு பேரா நிக்கிறா, எனக்கு ரெட்டை வரந்தான்!"

நானும் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். வண்ணக்கரிடம் போனேன். உன் குரலுக்கு ஊரில் இருந்த மதிப்பு என் படிப்புக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை. அவரே என்னைப் பல வருடம் பொருட்படுத்தாதவர்தான்.

"அம்மனுக்கு முன்னால ஒத்தக் கண்ண மூடிட்டு வாசிக்கிறான். விடியக்காலையில சத்தியும் எடுக்கிறானாம்," என்றேன்.

"அப்ப சாராயந்தான். இனி அவன் ஏட்டத் தொடப்படாது. நீ வாசி."

மூடிய கண், காலை வாந்தி, நான் சொன்ன இரண்டும் உண்மை. இரட்டையாகத் தெரிகிறது என்று நீ சொன்னதை மட்டும் நான் சொல்லவில்லை.

பிறகு உன் இடது கண் மூக்குப் பக்கம் திரும்பி நின்றுவிட்டது. அம்மன் கொடுத்த தண்டனை என்றது ஊர். உன்னைக் கொழும்புக்கு ரயிலில் கூட்டிப்போனேன். டாக்டர் உன் கண்ணுக்குள் வெளிச்சம் பிடித்துப் பார்த்து, தலையை ஸ்கேனும் எடுத்துவிட்டு என்னைத் தனியே அழைத்தார். மூளையில் கட்டி, அதன் அழுத்தத்தில் கண்ணை வெளிப்புறம் திருப்பும் நரம்பு செயலிழந்துவிட்டது, இரட்டைப் பார்வையும் காலை வாந்தியும் அதனால்தான் என்றார். குடியாக இருக்குமோ என்று கேட்டேன். எந்த மடையன் சொன்னான் என்று எரிந்து விழுந்தார்.

திரும்பி வரும்போது, "நான் குடிக்கல்லையெண்டு ஊருக்குச் சொல்லிடு மச்சான்," என்றாய். ஓம் என்றேன். சொல்லவில்லை. சொன்னால், முதலில் கோள் மூட்டியவன் யார் என்ற கேள்வி வரும்.

தண்டனை பெற்ற குடும்பம் என்று உன் மனைவியைக் கோயில் முற்றத்தில் பொங்கல் பானை வைக்க இன்றுவரை விடவில்லை. இந்த முறையும் மறுத்தாயிற்று. என்னைக் கண்டால், "வாங்க அண்ணன்," என்றுதான் கூப்பிடுகிறாள்.

தினமும் காலையில் வாவிக்கரைக்குப் போய்த் தூரத்துத் தோணி ஒன்றா இரண்டா என்று பார்க்கிறேன். ஒன்றுதான். ஆனாலும் கண்களை மாறிமாறிப் பொத்திப் பார்க்காமல் வீடு திரும்ப முடிவதில்லை.

வெள்ளிக்கிழமை இந்த வருடச் சடங்குக்குக் கோயில் கதவு திறக்கிறது. அதற்குள் உன் மனைவிக்கு அனுமதி கிடைக்க வேண்டும். உனக்கு எழுதிய இந்த மடலை அப்படியே வண்ணக்கருக்கு அனுப்புகிறேன். எழுதியவன் யார் என்று பாதி வாசிப்பதற்குள் அவருக்குத் தெரிந்துவிடும். தெரிந்தும், கீழே பெயர் எழுதக் கை போகவில்லை. கையெழுத்து இல்லாமலே நாளை தபாலில் போடுவேன்.