கேட்டில் நின்றவன் முகம்

மார்ச் 3, செவ்வாய்

இன்று கேமரா மாட்டியாகிவிட்டது. மகள் பேத்தியைக் கூட்டிக்கொண்டு புருஷன் வீட்டை விட்டு வந்து நான்கு மாதம். அவனுக்குத் தெரியாத தெருவில் இந்த வாடகை வீடு. அன்றிலிருந்தே கேமரா கேட்டுக்கொண்டிருந்தாள். மில் கேட்டில் முப்பத்தொரு வருடம் காவல் நின்றவனுக்கு எதற்கு அது என்று எனக்கு ஒரு வீம்பு. போன வாரம் அவள் தூங்கும்போது இரண்டு கையையும் தலைக்கு மேல் மறைப்பாக வைத்துக்கொண்டு கிடந்ததைப் பார்த்தேன். மறுநாள் நானே கடைக்குப் போனேன்.

கேமராக்காரர் நல்ல வாயாடி. சட்டைப் பொத்தான் அளவில் மூன்று லென்ஸை மேசையில் வைத்தார். "இது ரெண்டு புள்ளி எட்டு, பெரியவரே. தெரு முழுக்கத் தெரியும். இது நாலு. இது ஆறு. கொஞ்ச இடம்தான் தெரியும், ஆனா கிட்டத்துல தெரியும்." எல்லாம் தெரிவதுதானே காவல்? இரண்டு புள்ளி எட்டையே போர்ட்டிகோவில் மாட்டச் சொன்னேன். படம் ஹாலில் இருக்கும் டிவியில் வருகிறது.

பேத்தி அதன் அடியில் போய் எம்பி எம்பிக் குதித்தாள். ஏழு வயது, வாலு. "தாத்தா, என் மூக்கு தக்காளி மாதிரி இருக்கு" என்று ஒரே சிரிப்பு. ஆனால் போர்ட்டிகோ நிழலில் நின்றால் முகம் கறுப்பாக இருந்தது, பின்னால் கேட்டில் அடிக்கிற வெயிலால். "முகம் தெரியாம என்னங்க கேமரா?" என்றேன். ஏதோ பேக்லைட் என்று ஒன்றைப் போட்டு வெளிச்சத்தைக் கூட்டிவிட்டார். முகம் தெளிந்தது.

யார் மணி அடித்தாலும் திறப்பதில்லை என்று மூவரும் பேசி வைத்திருக்கிறோம்.

மார்ச் 4, புதன்

மத்தியானம் இரண்டு பத்து. மகள் வேலையில், வாலு பள்ளிக்கூடத்தில். கேட்டில் மணி.

நான் திறக்கவில்லை. டிவியில் பார்த்தேன். தெரு முழுக்கத் தெரிகிறது. எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி, கம்பத்தில் காக்கை, எல்லாம். கேட்டில் ஓர் ஆள், கட்டைவிரல் உயரம். முகம் என்று ஒரு புள்ளி. திரும்பி நடந்தான். வலது தோளை முன்னால் விட்டு, இடது குதிகாலை அழுத்தாமல்.

அந்த நடை எனக்குத் தெரியும். கல்யாணத்தன்று மண்டபத்துக்குள் மாப்பிள்ளை அப்படித்தான் நடந்து வந்தான். ஒன்பது வருடம் முன்னால். செருப்பு புதுசு போல என்று அன்றைக்கு நினைத்தேன். மில்லில் ஆயிரத்து இருநூறு பேரை நடையை வைத்தே உள்ளே விட்டவன் நான்.

கண்டுபிடித்துவிட்டான்.

மார்ச் 5, வியாழன்

டிவியில் ஓடியதை மகள் போனில் படம் எடுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். அங்கே இருந்த போலீஸ் அம்மா பொறுமையாகப் பார்த்தார். "ஐயா, இது யாரு? எனக்கு ஒரு சட்டை தெரியுது, அவ்வளவுதான்."

"நடை தெரியுதுல்லம்மா."

"நடையை வச்சு நான் யாரைப் பிடிக்க? முகம் கொண்டுவாங்க. நானே வர்றேன்."

திரும்பி வரும்போது மகள் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்காரவில்லை.

மார்ச் 6, வெள்ளி

கேமராக்காரரை வரச்சொல்லி ஆறாம் நம்பர் லென்ஸை மாட்டச் சொன்னேன். "அன்னிக்கே சொன்னேன்ல" என்று ஒரு குத்தல். குத்தட்டும். இப்போது தெரு போயிற்று, காக்கை போயிற்று, கேட்டும் அதன் இரண்டு தூணும் மட்டும். ஆனால் கேட்டில் நிற்கிறவனின் மீசை முடியை எண்ணலாம்.

நடந்துகொண்டே இருந்தால் எந்த முகமும் சரியாக விழாது. மில்லில் ஒவ்வொருவரையும் ஒரு நிமிடம் நிறுத்துவோம், பாஸைத் திருப்பிக் காட்டச் சொல்லி. பாஸைப் பார்ப்பதற்கல்ல, எனக்குத்தான் அப்போது படிக்கத் தெரியாதே. முகம் பார்ப்பதற்கு. அதே வேலையைச் செய்தேன். கேட்டுத் தாழ்ப்பாளைக் கம்பியால் ஏழு சுற்றுச் சுற்றி முறுக்கியிருக்கிறேன். அவிழ்க்கிறவன் நின்றுதான் ஆக வேண்டும்.

"எனக்கே அவுக்க வரலப்பா" என்றாள் மகள். நல்லது.

மார்ச் 8, ஞாயிறு

வாலு பூங்காவுக்குப் போகலாமா என்றாள். வயிற்று வலி என்று பொய் சொன்னேன்.

மார்ச் 11, புதன்

வந்தான். அதே இரண்டு மணி. மணி அடித்தான், கம்பியைத் தொட்டுப் பார்த்தான், நிமிர்ந்தான். முகம் பளிச்சென்று விழுந்தது.

அவன் இல்லை. அவன் தம்பி.

அண்ணன் தம்பிக்கு ஒரே நடை. எப்படி நினைக்காமல் போனேன்? முப்பத்தொரு வருடப் பெருமை ஒரு நொடியில் போயிற்று. அது போகட்டும், அடுத்து நடந்ததுதான் இன்னும் நெஞ்சில் நிற்கிறது. அவன் நேராகக் கேமராவைப் பார்த்தான். சட்டைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து நெஞ்சோடு பிடித்துக் காட்டினான். வெள்ளைத் தாள். ஓர் எழுத்து இல்லை. பிடித்தபடியே நின்றான், ஒரு வாய் சோறு மெல்லும் நேரம். மடித்து வைத்துக்கொண்டு போய்விட்டான்.

வெற்றுத் தாள்.

மில்லில் எங்களை வரிசையாக நிறுத்தி வெற்றுத் தாளில் கைநாட்டு வாங்கினார்கள். போனஸ் பட்டியலுக்கு என்றார்கள். நான்கு மாதம் கழித்து அதே தாள்களில் நாங்களே வேலையை விட்டுப் போவதாக எழுதியிருந்தது. நாற்பத்து மூன்று பேர். நான் பதினேழாவது. ஊதா மை. அந்த விரல் இன்றைக்கும் அரிக்கிறது. மறுபடி கேட்டில் நிற்க ஒன்றரை வருடம் அலைந்தேன். என் மகளிடமும் அவள் புருஷன் அப்படித்தான் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறான், மூன்று தாளில், அடித்துவிட்டு. அது போதாதென்று இன்னும் ஒன்றா? பிள்ளையை எழுதிக் கேட்கப் போகிறானா?

மார்ச் 12, வியாழன்

மகள் படத்தை நாலைந்து தடவை ஓடவிட்டுப் பார்த்தாள். "இவன் கெட்டவன் இல்லப்பா. அன்னிக்கு என்னை பஸ் ஏத்திவிட்டதே இவன்தான்."

"அண்ணன் சொல்லாம தம்பி வருவானா?"

"அது தெரியல."

"தெரியலன்னா திறக்காதே."

"ஒரு வார்த்தை கேட்டா என்னப்பா, குறைஞ்சா போயிடுவோம்?"

"ஆமா. குறைஞ்சுதான் போவோம். நாம மூணு பேர்ல ஒண்ணு குறையும்."

வாலு கதவுக்குப் பின்னால் நின்றிருந்திருக்கிறாள். நான் பார்க்கவில்லை. அப்படிப் பேசியிருக்கக்கூடாது. கிழட்டு வாய். ராத்திரி சாப்பிடாமல் படுத்துவிட்டது குழந்தை.

மார்ச் 14, சனி

கேமராக்காரர் வேறு வேலையாக இந்தப் பக்கம் வந்தவர் எட்டிப் பார்த்தார். அந்தப் படத்தைக் காட்டினேன். வெற்றுத் தாள் கொண்டுவந்து மிரட்டுகிறான் என்றேன். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"யாரு சொன்னா வெத்துத் தாள்னு?"

"கண்ணு இருக்குல்ல."

"பெரியவரே, போர்ட்டிகோ நிழலுக்குன்னு வெளிச்சத்தை ஏத்தினோமே, லென்ஸை மாத்தினப்ப அதை இறக்க மறந்துட்டேன். கேட்டுல வெயில். முகம் மாநிறம், அதனால தப்பிச்சிருச்சு. வெள்ளைத் தாளு வெந்து போச்சு. அதுல ராமாயணமே எழுதியிருந்தாலும் தெரியாது."

பழைய படத்திலிருந்து அந்த எழுத்தை மீட்க முடியாதா என்று கேட்டேன். விழாததை எங்கிருந்து எடுப்பது என்றார். பேக்லைட்டை அணைத்தார், வெளிச்சத்தை இரண்டு படி இறக்கினார். கேட்டில் போய் அவருடைய பில் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடையின் பெயர் தெரிந்தது. டிவியில் போர்ட்டிகோ இருண்டு கிடந்தது. இருக்கட்டும்.

வெளிச்சம் கூட்டச் சொன்னவன் நான்.

மார்ச் 16, திங்கள்

என்ன எழுதியிருந்தான்? என்ன எழுதியிருந்தான்?

மார்ச் 17, செவ்வாய்

இரண்டு தடவையும் புதன்கிழமை. அண்ணன் தம்பி வேலை செய்யும் பட்டறைக்குப் புதன் விடுமுறை என்கிறாள் மகள். லீவு போடட்டுமா என்றாள். வேண்டாம், நீ இந்த வீட்டில் இருக்கவே கூடாது என்றேன். என்னால் தாளைப் படிக்க முடியுமா என்று அவள் கேட்கவில்லை. ஆனால் யோசித்தாள். எழுத்துக் கூட்டத்தான் எனக்கு வரும். அறுபது வயதுக்கு மேல் அவள் சொல்லிக்கொடுத்தது. அச்சு என்றால் தேவலை. இந்த நோட்டில் என் கை எழுதுவது எனக்குப் பழக்கம், அடுத்தவர் கையெழுத்து என்றால் தடுமாறும்.

காலையிலிருந்து பழைய மளிகைச் சீட்டுகளை எடுத்து வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 18, புதன்

வேறு இடத்திலிருந்து எழுதுகிறேன். நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

இரண்டு ஐந்துக்கு வந்தான். மணி அடித்தான். தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தாளை விரித்தான். எழுத்து இருந்தது. பெரிய பெரிய எழுத்து, கறுப்பு மையில். நான் டிவியில் மூக்கு இடிக்க நின்றேன். அ. ண். ண. ன். அண்ணன். அடுத்தது நீளம். தெ. ரு. மு. வியர்வை கண்ணில் இறங்கியது. துடைத்தால் இடம் தவறிவிடும் என்று துடைக்கவில்லை. இரண்டாவது வரிக்கு வருவதற்குள் தாள் காற்றில் ஆட ஆரம்பித்துவிட்டது. ஒரு தடவை தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தான். இறக்கிவிடுவான் என்று நினைத்தேன். போர்ட்டிகோ விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தேன். உள்ளே ஆள் இருக்கிறது, பார்க்கிறது என்று புரிந்துகொண்டான். தாளை இன்னும் உயரத் தூக்கினான்.

முழுசும் படித்தேன்.

"அண்ணன் தெருமுனையில் நிற்கிறான். வீடு காலி என்று சொல்லி வைத்திருக்கிறேன். நம்பவில்லை. நாளைக்கு அவனே வருவான். அண்ணியும் குழந்தையும் இங்கே இருக்கக் கூடாது."

மறுபடி விளக்கைத் தட்டினேன். அவன் தாளை மடித்து வாயில் போட்டு மென்றுகொண்டே போனான். அந்த நடை. அவன் வேவு பார்க்க வந்தவன்தான். அனுப்பியவனுக்காக அல்ல, எங்களுக்காக. நாங்கள் கதவைப் பூட்டிக்கொண்டு பயந்தது இவனைப் பார்த்து.

அந்தத் தாள் தெரியும் இடத்தை டிவியில் ஓடவிட்டு என் போனில் படம் எடுத்துக்கொண்டேன். அரை மணி நேரம் காத்திருந்து பின்பக்கச் சுவர் ஏறிக் குதித்தேன். எழுபத்து நான்கு வயதில். முட்டி பெயர்ந்துவிட்டது. மகளைக் கூப்பிட்டு, பள்ளிக்கூடத்தில் வாலுவை எடுத்து, நேரே ஸ்டேஷன். அந்த அம்மா இந்தத் தடவை படத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றார். வண்டி வந்தது. மகளும் பேத்தியும் அதில் ஏறினார்கள். எங்கே கொண்டுபோகிறார்கள் என்று கேட்டேன். "உங்களுக்குத் தெரியாம இருக்கறது நல்லதுங்கய்யா." என்னை ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் ஓர் அறையில் படுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

வாலு கையாட்டவில்லை. ஜன்னலில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தது.

மார்ச் 19, வியாழன்

இன்று அவனே வந்தான், என் மருமகன். கம்பியை அவிழ்க்கத் தெரியாமல் நாற்பது வினாடி நின்றிருக்கிறான். முகம் முழுசாக விழுந்திருக்கிறது. பக்கத்து வீட்டு மாடியில் காத்திருந்த போலீஸ்காரர்கள் கேட்டுக்கு உள்ளேயே பிடித்துவிட்டார்கள். தோளில் ஒரு பை வைத்திருந்தான். பைக்குள் இருந்ததை அந்த அம்மா என்னிடம் சொன்னார். இங்கே எழுத மாட்டேன். என்றைக்காவது பேத்தி இந்த நோட்டைப் படிப்பாள்.

ஏப்ரல் 8, புதன்

நான் மட்டும் வீட்டுக்குத் திரும்பியிருக்கிறேன். மத்தியானம் மணி அடித்தது. நானே போய்க் கேட்டைத் திறந்தேன். தம்பி. ஆள் இளைத்திருந்தான். நெற்றியில் தையல் போட்ட தழும்பு. யார் அடித்தது என்று நான் கேட்கவில்லை. ஹாலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தான்.

"ஜாமீனுக்கு அலையறாங்க மாமா. கிடைச்சிரும்னுதான் தோணுது."

"ம்."

"அண்ணி எங்க இருக்காங்கன்னு எங்கிட்ட சொல்லிடாதீங்க. அடிச்சுக் கேட்டா நான் எவ்வளவு தாங்குவேன்னு எனக்கே தெரியாது."

"எனக்கே தெரியாதுப்பா" என்றேன்.

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். அப்புறம் மூச்சு விட்டான். அவன் போனதும் கேட்டுத் தாழ்ப்பாளில் கம்பியை மறுபடி ஏழு சுற்றுச் சுற்றினேன்.