வெளியே நாற்பது

ஜூலை 20, ஞாயிறு. நகரி

இன்று சொல்லாதது: அந்தத் தொண்ணூற்றாறு என்னுடையது.

ஆடிக் கிருத்திகை. அத்தை வீடு நிறைய ஆட்கள். தெருவில் திருத்தணிக்குப் போகும் காவடிகள், மேளம். நல்ல வெயில், காற்று அறவே இல்லை. வடைச் சட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் அத்தை தன் மகன் தினேஷின் மார்க்கைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஜெர்மனியில் எம்.எஸ்சி., இன்ஜினியரிங்குக்கான கணிதம். வாராவாரம் எழுதிக் கொடுக்க வேண்டிய கணக்குத் தாள்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு.

"வெள்ளக்காரப் பசங்களே அறுவது எழுவதுதான் வாங்கறானுங்களாம். எம்புள்ள தொண்ணூத்தாறு."

பக்கத்து வீட்டு அக்கா: "மீவாடு சின்னப்பட்நுஞ்சி அந்தே கதா. சின்ன வயசுலேந்தே மூளக்காரன்."

அந்தத் தாள்கள் அத்தனையும் நான் போட்டவை. ஏப்ரலிலிருந்து. வியாழக்கிழமை அவன் போட்டோ அனுப்புவான். சித்தூரிலிருந்து திருப்பதிக்கு வேலைக்குப் போய்வருகிற பஸ்ஸில் நான் போடுவேன். அவன் தன் கையெழுத்தில் எழுதிக் கொடுப்பான்.

என் வாயில் வடை. நல்லதாகப் போயிற்று.

பிறகு அத்தை நைனாவிடம்: "ஆடில நல்ல பேச்சு பேசக்கூடாது. காதுல மட்டும் போட்டு வெக்கிறேன் தம்பி. ஆவணில பூ வெச்சிடலாம். உம்பொண்ணு இங்க பசங்களுக்குக் கணக்கு சொல்லிக் குடுத்துக்கினு இன்னா பண்றா? எம்புள்ளகூட அங்க போயி நிம்மதியா ஆக்கித் துன்னுக்கினு இருக்கட்டும்."

நைனா என்னைப் பார்த்தார். நான் வடையைப் பார்த்தேன்.

ஜூலை 21, திங்கள்

காலை 6.10 பஸ். ஜன்னலோர இடம். மேகம் உண்டு, மழை இல்லை.

செய்ய வேண்டியவை: சீனியர் பேட்ச் வினாத்தாள். அம்மாவுக்குத் தைராய்டு மாத்திரை. செருப்பு தைக்க. அத்தைக்குப் பதில்.

கடைசி வேலையை எழுதிவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தினேஷ் படிக்கும் அந்த வகுப்பறை எனக்குத் தெரியும். மே மாதம் ஒருநாள் வீடியோ காலில் தி. அதற்குள் நடந்துகொண்டிருந்தான். கேமராவைத் திருப்பச் சொன்னேன். "கிளாஸ் ரூமுல இன்னா இருக்குது பாக்க?" என்றபடி திருப்பினான். மேலும் கீழும் நகரும் பச்சைப் பலகைகள். ஜன்னலில் பெரிய மரம். பலகை முழுக்க யாரோ நடத்தி முடித்த பாடம், அழிக்கப்படாமல். ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டேன். கடைசி வரியில் பாதியை அவன் கட்டைவிரல் மறைத்திருந்தது. அந்தப் பாதியை நானே போட்டு முடித்தேன். சரியாகத்தான் இருக்க வேண்டும்.

அந்தப் படத்தை இன்னும் வைத்திருக்கிறேன். தி.யின் படம் என்று போனில் தனியாக எதுவும் இல்லை. இதை இன்றுதான் கவனித்தேன்.

அவனைக் கட்டிக்கொண்டு கூடப் போனால் அந்த ஊரில் இருக்கலாம். டிராமில் ஏறி அந்தக் கட்டடத்தின் வாசல் வரைக்கும் போகலாம். மதியச் சாப்பாட்டு டப்பா கொடுக்க. நேற்றிலிருந்து இந்த எண்ணம் விடவில்லை. வாசல் வரைக்கும்கூடப் போதும் என்று ஒரு மனம் சொல்கிறது. அந்த மனத்தைப் பார்த்தால் பயமாக இருக்கிறது.

ஜூலை 22, செவ்வாய்

வகுப்பில், பாடத்தைத் தாண்டிக் கொஞ்சம் போய்விட்டேன். ஒரு கம்பியின் ஒரு முனையைச் சூடாக்கினால் மறுமுனைக்குச் செய்தி எப்படிப் போகிறது என்று. முதல் பெஞ்ச் பெண்: "மேடம், இதி எக்ஸாம்லோ வஸ்துந்தா?" பரீட்சையில் வராது என்றேன். எல்லோரும் பேனாவை மூடினார்கள்.

சாயங்காலம் தி. கூப்பிட்டான். வெள்ளிக்கிழமை வாய்மொழித் தேர்வு. பேராசிரியரின் எதிரில் உட்கார்ந்து அரை மணி நேரம்.

"மொத்தமும் சொல்லிக் குடுடி. மொதல்லேந்து."

"மூணு நாள்லயா?"

"நீ சொன்னா ஏறும்."

சொல்லிக் கொடுத்தேன். ஏறவில்லை. நடுவில் கேட்டேன், போன மாதத்திலிருந்து கேட்டுக்கொண்டிருப்பதை: "அந்த நாலு மார்க் எங்கடா போச்சு?"

"அத்த வுடு. தொண்ணூத்தாறு பத்தாதா உனுக்கு?"

"பத்தாது. திருத்தின தாளை அனுப்பு."

"எங்கியோ வெச்சேன். பாக்கறேன்."

அப்புறம் குரலை மாற்றிக்கொண்டு, "அம்மா எதனா சொல்லிச்சா?"

"சொல்லிச்சு."

"நீ இன்னா சொன்ன?"

"வடை துன்னுக்கினு இருந்தேன்."

சிரித்தான். "நீ வந்துட்டா நல்லாத்தான் இருக்கும். எனுக்கும் ஈஸி."

எனக்கும் ஈஸி. கெட்டவன் இல்லை. சின்ன வயதில் ஒரே சைக்கிளில் ட்யூஷன் போனோம். அவனுக்குக் காய்ச்சல் என்றால் இன்றும் எனக்குச் சாப்பாடு இறங்காது. ஆனால் அவன் பேசும்போது நான் அவன் பின்னால் தெரியும் புத்தக அலமாரியைப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 24, வியாழன்

தூறல். மாத்திரை வாங்கியாயிற்று. செருப்பு இன்னும் இல்லை.

அம்மா கேட்டாள், "புடிக்கலியா?" எது என்று சொல்லவில்லை. கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தெரியவில்லை என்றேன்.

உண்மையை இங்கேயாவது எழுதுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் தி.க்கும் எனக்கும் ஒரே வாரத்தில்தான் அங்கே இடம் கிடைத்தது. அம்மா அப்போது வேலூரில், ஆஸ்பத்திரியில். இந்த வருடம் வர இயலாது என்று எழுதிவிட்டேன். அது நியாயம். அம்மா எழுந்து நடமாடி ஒன்றரை வருடமாகிறது. அதற்குப் பிறகும் நான் அவர்களுக்கு எழுதவில்லை. அதற்கு எந்த நியாயமும் இல்லை. பயந்தேன், அவ்வளவுதான். தாள்கள் வர ஆரம்பித்ததும் அந்தப் பயத்தோடு வாழச் சுலபமாக இருந்தது. போகாமலேயே படிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூலை 26, சனி

தி. தேறவில்லை.

நேற்று முழுக்க போன் எடுக்கவில்லை. இன்று காலை கூப்பிட்டான். பேராசிரியர் அவனுடைய பழைய தாள் ஒன்றை மேசைமேல் வைத்தாராம். சுவரின் வழியே வெப்பம் போகும் கணக்கு. 'நீங்கள் வசிக்கும் ஊரின் ஒரு சாதாரண நாளுக்கு ஏற்ற எண்களை எடுத்துக்கொள்க' என்று கேள்வியில் இருந்தது. அதை நான் போட்டது மே மாதம், மதியம் திரும்பி வரும் பஸ்ஸில், மொட்டை வெயிலில், பாகாலா தாண்டி. யோசிக்கவே இல்லை. வெளியே நாற்பது டிகிரி. உள்ளே இருபத்தெட்டு. வெப்பம் வெளியிலிருந்து வீட்டுக்குள் வருகிறது.

நாலு மார்க் அங்கேதான் போயிருக்கிறது. தி. அதைப் பார்த்து எழுதினான். அவன் முதுகுக்குப் பின்னால் ஹீட்டர். அந்த ஊரில் வெப்பம் உள்ளேயிருந்து வெளியேதான் போகும்.

"அவுரு கேட்டாரு, எந்த ஊருல இருக்குது இந்த வூடுன்னு."

"நீ?"

"எங்க ஊருலன்னேன். சரி, உங்க ஊருல பொழுது எறங்கி வெளிய ஆறிப்போன பின்னாடியும் உள்பக்கச் சுவரு சுடுமா, ஏன்னாரு. எனுக்கு வாயே வர்ல."

நகரியில் பிறந்தவன். ஏழு மணிக்கு மேற்குச் சுவரில் சாய்ந்தால் முதுகு சுடும் என்று கணக்கில்லாமலே தெரிந்திருக்க வேண்டும். மதியம் வெளிப்பக்கம் வாங்கிய சூடு செங்கல்லுக்குள் மெதுவாக நடந்து ராத்திரிதான் உள்ளே வந்து சேர்கிறது. அதற்குத்தான் அந்தச் சமன்பாடு.

அவனுக்கு ஆறுதல் சொன்னேன். அக்டோபரில் இன்னொரு வாய்ப்பு உண்டாம். ஆனால் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உள்ளே வேறொன்று. அவனுக்காக வருத்தம் இல்லை. பொறாமை. எந்த ஊரில் இருக்கிறது இந்த வீடு? அது என்னைக் கேட்ட கேள்வி. நான் அங்கே இல்லை.

ஏப்ரலிலிருந்து எழுதியதில் நான் ஒளிந்துகொள்ளாத இடம் அந்த ஒரு வரிதான்: வெளியே நாற்பது.

ஜூலை 28, திங்கள்

இன்று 6.10 பஸ்ஸில் நைனாவுக்கு டிரைவர் டியூட்டி. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். வேண்டுமென்றேதான். ஓட்டும்போது அவரால் திரும்ப முடியாது.

"நைனா, அத்தை வூட்டு சம்பந்தம் வேணாம்."

கியரை மாற்றினார். "யாரனா இருக்காங்களா?"

"இல்ல."

"பின்ன?"

"படிக்கப் போறேன். அப்ப விட்டுட்டத."

பாகாலா அருகே லாரி ஒன்று குறுக்கே வந்ததற்குத் தெலுங்கில் திட்டினார், அவ்வளவுதான். டீக்கு நிறுத்தியபோது கிளாஸை என்னிடம் நீட்டிக்கொண்டே சொன்னார்: "நான் ஒருநாளும் போவாதன்னு சொல்லல. அம்மா பேர சொல்லிக்கினு நின்னது நீதான்."

டீ சுட்டது.

"அத்தைக்கு நானு சொல்லமாட்டேன். நீயே சொல்லு."

"ஆடி முடியட்டுமா?"

"நல்ல பேச்சுதான் ஆடில கூடாது. இத பேசலாம்."

ஜூலை 30, புதன்

மழை. சித்தூரில் கரண்ட் இல்லை.

அத்தையிடம் பேசினேன். கல்யாணம் வேண்டாம், மேலே படிக்கப் போகிறேன் என்றேன். தொண்ணூற்றாறைப் பற்றி இன்றும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. நேற்றே தி. எல்லாவற்றையும் தன் அம்மாவிடம் சொல்லிவிட்டானாம்.

அத்தை பக்கம் குக்கர் விசில் மட்டும் கேட்டது. பிறகு:

"அப்ப கொறஞ்ச அந்த நாலு மார்க்கும் உன்னுதுதானா?"

"ஆமா அத்தை."

"அதான பாத்தேன்," என்று போனை வைத்துவிட்டார்.

ஜூலை 31, வியாழன்

நான் படித்த கல்லூரியின் அலுவலகத்தில் மார்க் பட்டியல் நகலுக்கு எழுதிக் கொடுத்தேன். பத்து நாள் ஆகுமாம். இன்று தி. எந்தத் தாளும் அனுப்பவில்லை.