கம்பி பிளந்ததற்குக் கல்யாணமா?

அம்பத்தூர்
22.11.93

அன்பு மகள் வனஜாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், ஜப்பான் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. செம்புக் கம்பி இழுக்க இழுக்கப் பிளந்துபோகிறது, இனி என்னால் ஆகாது, பட்டாபிராம் ரகுநாதன் மகனுக்கே சரி சொல்லிவிடுங்கள், ஆராய்ச்சியை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தாய். நேற்று அவர்கள் வந்தார்கள். முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கோபப்படுவதானால் படு, ஆனால் இதை முழுசாகப் படித்துவிட்டுப் படு.

தாயம்மாள் அத்தைதான் அவர்களை அழைத்துக்கொண்டு வந்தாள். பையனைக் குறை சொல்ல மாட்டேன், பாவம். அவன் அப்பாதான் பஜ்ஜியைத் தின்றுகொண்டே, இன்னாம்மா, செம்புல மண்ணு கலக்கறதுக்கா பொண்ண ஜப்பானுக்கு அனுப்பிகீறீங்க, தை மாசத்துக்குள்ள வந்துடச் சொல்லு, அப்பால படிப்பு கிடிப்பு ஒண்ணும் வாணாம் என்றார். எனக்குச் சுருக்கென்றது. மண்ணு இல்லீங்க, அலுமினிய ஆக்சைடு, கண்ணுக்கே தெரியாத தூளு, அது செம்புக்குள்ள பரவி நின்னா சூட்டுல செம்பு இளகாது, கரண்டும் நல்லா ஓடும், அதத்தான் என் பொண்ணு செய்யுது, முடிக்காம வராது என்றேன். அத்தை எழுந்து, நாலு பேரு முன்னால என் மானத்த வாங்கிட்டியே, இனிமே இந்த ஊட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். போகட்டும்.

அப்பா கோபித்துக்கொண்டு சாயங்காலம் வரைக்கும் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். விளக்கேற்றும் நேரத்தில் உன் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தார். ஏன் ஜெகதா, அந்தத் தூளு ஒரே எடத்துல கட்டிகினு நிக்கிறதாலதான் கம்பி பிளக்குதுன்னு எழுதிகீது, அத்த பிரிச்சி உட வழியே இல்லியா என்று கேட்டார். எனக்கா தெரியும், உங்க பொண்ணக் கேளுங்க என்றேன். கேட்கச் சொல்லியிருக்கிறார், பதில் எழுது.

பீரோ கம்பெனியில் தகடு ஒட்டுகிற ஸ்பாட் வெல்டிங் மிஷினில் நிற்கிறவள் நான். செம்பு முனை சூட்டில் இளகிக் காளான் மாதிரி விரிந்துவிடுகிறது, ஒட்டு பிடிப்பதில்லை, அரத்தால் ராவியே என் தோள்பட்டை போகிறது. இளகாத செம்பு எனக்கு வேண்டும்தான், ஆனால் அதற்காக இதைச் சொல்லவில்லை. யாரையாவது பிடித்துப்போய்க் கல்யாணம் செய்துகொள்ளத் தோன்றினால் எழுது, நானே முன்னால் நின்று நடத்துகிறேன். கம்பி பிளந்ததற்காகக் கழுத்தை நீட்டாதே. சுலபமான வேலைக்கு மாறிக்கொள் என்ற உன் வாத்தியாரிடம் மரியாதையாகவே பேசு, ஆனால் மாறமாட்டேன் என்று சொல்.

நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்பியிருக்கிறேன், ஈரக்கை வைக்காதே. தலைக்குக் குளித்தால் நன்றாகத் துவட்டு. மாரியாத்தா உன் கைக்கும் புத்திக்கும் துணையிருப்பாள். தோற்றுப்போய் வருகிறேன் என்று மட்டும் இனி எழுதாதே, அதற்கு இந்த வீட்டில் பதில் கிடையாது. அப்பா, நானும் கீழே கையெழுத்துப் போடுகிறேன் என்று பேனாவைக் கேட்கிறார்.

இப்படிக்கு,
உன் அம்மா ஜெகதாம்பாள்
அப்பா கஜபதி