திங்கட்கிழமை வகுப்புக்குப் போனால்

வியாழன், பெப். 19

விடியவே வெக்கை. இடி முழக்கம், மழை இல்லை. புல் இன்னும் வெட்டவில்லை.

வேலைக்கு வெளிக்கிடும் நேரத்தில் அமெரிக்கப் பயிற்சியாளர் வீடியோவில். மகள் ஆரணி குசினி மேசையில், முன்னால் ஆறிப்போன தேத்தண்ணீர். ஆவணியில் தன் கல்லூரிக்கு வா, சொப்ட்போல் ஆடு, படிப்பு இலவசம் என்று அந்த மனுஷி சொல்லி மாதக்கணக்காகிறது. எழுத்தில் இன்னும் வரவில்லை. இரண்டு கிழமையில் வருமாம். எல்லாம் 'மாம்'.

இன்று புதிய கதை. சிட்னியில் பார்மசி வகுப்புத் திங்கள் தொடங்குகிறது என்று ஆரணி பேச்சோடு பேச்சாகச் சொல்ல, மனுஷியின் முகம் மாறிவிட்டது. முழுநேரமா என்று இரண்டு தரம் கேட்டார். உலகத்தில் எந்தப் பல்கலைக்கழகமானாலும் சரி, முழுநேர மாணவியாக முதல் வகுப்பில் போய் இருந்தால் அன்றே அவளுடைய ஐந்து வருடக் கடிகாரம் ஓடத் தொடங்கும். அந்த ஐந்துக்குள் நாலு பருவம் ஆடலாம், அவ்வளவுதான். அதைவிட, ஆவணியில் அங்கே இறங்கும்போது அவள் புதுமுகம் இல்லை, இடம் மாறி வருபவள். அதற்கு வேறு விதிகள். தன்னிடம் இருப்பது புதுமுகத்துக்கான இடம் மட்டும் என்றார்.

சரி, ஒன்றிலும் பதியாமல் இருந்தால்? அதற்கும் கெடு உண்டு. பள்ளிக்கூடம் முடித்து ஒரு வருடத்துக்குமேல் வெளியில் நின்று கழகத்துக்கு ஆடினால் பருவங்கள் கழிபடும்; இந்த ஆவணியைத் தாண்டக்கூடாது. பதிந்தாலும் குற்றம், பதியாமல் ஆடினாலும் குற்றம். இந்த விதிகளை எழுதியவன் எங்கள் குடிவரவுக் கந்தோரில் வேலை பார்த்திருப்பான்.

நான் வேலை செய்யும் செவன் ஹில்ஸ் பண்டகசாலையில் புதிய மேற்பார்வையாளன். என் சப்பாத்தின் வயது இருக்கும். பெட்டியில் ஒட்டிய சீட்டை எப்படி வாசிப்பது என்று காட்டித் தந்தான். பேராதனையில் படித்த பொறியியலாளனுக்கு. நன்றி சொன்னேன்.

வெள்ளி, பெப். 20

அரிசி, மனைவி வதனியின் பிரஷர் குளிசை, கார் ரெஜோப் பதிவுக் காசு. மூன்றில் அரிசி மட்டும் முடிந்தது.

ஆரணி பல்கலைக்கழகத்துக்குப் போன் எடுத்துக் கேட்டாள். பார்மசி முதல் வருடம் பகுதிநேரமாகப் படிக்க முடியாது. வேண்டுமென்றால் ஒரு வருடம் தள்ளிப்போடலாம், இடம் இருக்கும். ஆனால் வகுப்புத் தொடங்க முதல் செய்யவேண்டும்.

முடியாது என்றேன். கையில் இருக்கிற இடத்தை விட்டுவிட்டு, கண்ணால் காணாத மனுஷியின் வாய்ப்பேச்சை நம்புவதா? எங்கள் ஆட்களில் எந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் முடித்து வீட்டில் நின்றது? சோதினையில் கோட்டை விட்டதுகள்கூட எங்காவது ஒரு கோர்ஸில் போய்க் குந்திக்கொள்ளும். ஆரணிக்கு பார்மசி கிடைத்ததை வதனி கன்பரா வரைக்கும் சொல்லிவிட்டாள். நானும் சொன்னேன், இல்லையென்று இல்லை.

"ஒரு வருசம் சும்மா நிண்டால் ஆக்கள் என்ன கேப்பினம்?" வதனி.

"ஹூ ஆர் தீஸ் ஆக்கள்?" ஆரணி.

கதவு சாத்தப்பட்டது. பலமாக இல்லை. பலமாகச் சாத்தியிருந்தால் ஏசியிருப்பேன்.

சனி, பெப். 21

குவேக்கர்ஸ் ஹில். வதனியின் தமையன் சிவநேசன் வீட்டில் சாப்பாடு, பிறந்தநாளாம். ஆட்டுக்கறியில் உப்புக் கூட. பத்துக் கதிரை, இருபது பேர்.

வதனி எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டாள். மச்சானுக்கு ஒரு நிமிடமும் தேவைப்படவில்லை.

"திங்கள் போகட்டும். ஆவணியிலை அமெரிக்கன் கேட்டால், ஒரு இடமும் படிக்கேல்லை எண்டு போடுங்கோ. ஆர் வந்து பாக்கிறது?"

இதே குரல்தான். வந்த புதிதில் எனக்கும் சொன்னது: இப்போதைக்குக் கிடைத்த வேலையைப் பிடியும், பொறியியலாளர் பதிவைப் பிறகு பாக்கலாம். பிறகு பார்த்தபோது என் ஆங்கிலப் பரீட்சைப் பெறுபேறு காலாவதி. திரும்ப எழுதி முடிக்க வேறு ஒரு விதி மாறியிருந்தது. அவர் அப்போதே தன் பதிவை எடுத்துவிட்டார் என்பது பின்னால்தான் தெரியவந்தது.

"மாமா, அது பொய்தானே," என்றாள் ஆரணி. எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

மச்சான் சிரித்தார். "கொப்பரும் உப்பிடித்தான், பிள்ளை. நேர்மை, நேர்மை எண்டு. இப்ப பெட்டி எண்ணுறார்."

எல்லாரும் சிரித்தார்கள். வதனி கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆரணி என்னைப் பார்த்தாள். நான் இன்னும் கொஞ்சம் கறி போட்டுச் சாப்பிட்டேன், உப்போடு.

ஞாயிறு, பெப். 22

பிளாக்டவுன் மைதானம். நிழல் கிடையாது. சின்ன வயதிலிருந்து இவளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன், விதிகள் இன்னும் அரைகுறை. ஆரணி முகமூடி போட்டுக் குந்தியிருந்து பந்து பிடிக்கிறவள். களத்தில் மற்ற எல்லாரும் ஒரு பக்கம் பார்க்க, அவள் மட்டும் எதிர்ப்பக்கம். ஓடி வந்த ஒருத்தி மோதி இரண்டு பேரும் விழுந்தார்கள். பந்து கையில்தான் இருந்தது. தோற்றார்கள்.

திரும்பும்போது காரில் ஏசி வேலை செய்யவில்லை. கண்ணாடி இறக்கினோம்.

"அப்பா, ஐ கேன் டூ இட் மைசெல்ஃப். எனக்குப் பதினெட்டு. ஆனா நீங்கள் சொல்லோணும்."

அமெரிக்கக் கடிதம் வராவிட்டால் என்று கேட்டேன். அடுத்த வருடம் பார்மசி. போன பிறகு முழங்கால் போனால்? அவர்கள் இலவசப் படிப்பை வருடத்துக்கு வருடம்தான் புதுப்பிப்பார்கள், உத்தரவாதம் இல்லை என்றாள். மறைக்கவில்லை. வலது முழங்காலில் ஐஸ் பை, தண்ணீர் இருக்கையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"நீ மாமா சொன்ன மாதிரிச் செய்வியோ?"

"நோ."

"அப்ப இண்டைக்கே தள்ளிப்போடு. விடிஞ்சால் சரிவராது."

சிக்னலில் நிற்கும்போதே போனில் செய்து முடித்தாள். ஒரு இடத்தை விட இவ்வளவு சின்ன நேரம். எடுக்க இரண்டு வருட டியூஷன்.

எனக்கு மனம் மாறிவிட்டது என்று எவரும் நினைக்க வேண்டாம். அந்தக் கடிதத்தில் இன்னும் நம்பிக்கை இல்லை. சிவநேசன் சொன்ன வழி என் வீட்டில் நடக்காது, அவ்வளவுதான்.

இரவு வதனி கோப்பையைத் தட்டென்று வைத்தாள். சோறு போட்டாள்.

திங்கள், பெப். 23

மழை, கடைசியில். முதல் நாள் ஆரணியைக் கொண்டுபோய் விடவென்று எடுத்த லீவு. ரத்துச் செய்யவில்லை, மேற்பார்வையாளன் காரணம் கேட்பான்.

எதிர்வீட்டுப் பெடியன் புதுப் பையோடு ஸ்டேஷனுக்கு ஓடினான். பக்கத்து வீட்டுப் பிள்ளையும். தெரு முழுக்கப் படிக்கிறது.

ஈமெயில் இல்லை. அவளுக்கு வருவதை என் போனில் ஏன் பார்க்கிறேன் தெரியாது.

பத்து மணி. அறைக்கதவு சாத்தியபடி. இரண்டு தரம் தட்டப் போனேன். தட்டவில்லை.

மச்சானின் போன். "என்ன, முதல் நாள் எப்பிடியாம்? பிள்ளை வெளிக்கிட்டிட்டாளோ?"

வதனி அகப்பையோடு வந்து எதிரில் நின்றாள். வகுப்பில் என்று சொல்லுங்கோ என்று வாயசைத்தாள்.

"நித்திரை கொள்ளுறாள்," என்றேன்.

"ஏன், சுகமில்லையோ?"

"நல்ல சுகம். சும்மா நித்திரை."