என் நாற்காலியில் உட்கார்ந்த முதலாளியம்மா

அன்புள்ள பாப்பாவுக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். அப்பாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, படியேறும்போது மட்டும் தெருவுக்கே கேட்கிற மாதிரி முனகுகிறார். ஆஸ்பத்திரி படுக்கை விரிப்பு டெண்டர் நமக்குக் கிடைக்கவில்லை என்று அவர்தான் உன்னிடம் உளறினாராம், நீயும் புகார் அனுப்பப்போகிறேன் என்று குதித்தாயாம். அனுப்பாதே கண்ணு. போனில் சொன்னால் நடுவில் கத்துவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

பெண்கள் நடத்தும் சின்னத் தொழில்களுக்கென்றே ஒதுக்கிய டெண்டர்தான். உதவி மையத்து மேடம் பாவம், என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து எல்லாம் சரிபார்த்துத்தான் அனுப்பினார். ஆனால் முன்னால் இதே அளவு அரசாங்க ஆர்டர் செய்திருக்க வேண்டுமாம். முதல் ஆர்டரே தராமல் அனுபவம் கேட்டால் நான் எங்கே போவது? "விதியை நான் போடலையேம்மா" என்று மேடம் கண்கலங்க, கடைசியில் நான் அவரைத் தேற்றிவிட்டு வந்தேன். கிடைத்தது நம் ஊர் ஜவுளிக்கடைக்காரர் மனைவிக்கு. அரசாங்கத்துக்கு வருஷக்கணக்காக சப்ளை செய்த தன் கம்பெனியை அவள் பேருக்கு மாற்றியிருக்கிறார், தையல் மிஷின் ஒன்றுகூடக் கிடையாது. அதனால் நம் தையல் யூனிட்டுக்கே வந்தார்கள், தையல் நம்முடையது, லேபிள் அவர்களுடையது, கூலி அரைவயிற்றுக்கு. முடியாது என்று வாயெடுத்தேன், நம்மிடம் தைக்கிற பெண்கள் எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். தைக்கத் துணி வராமல் சும்மா உட்கார்ந்திருந்தவர்கள், என்ன செய்வேன், சரி என்றுவிட்டேன்.

போன வாரம் டெண்டர் அதிகாரி யூனிட்டைப் பார்வையிட வந்தார். யூனிட்டே ஜவுளிக்காரர் மனைவியுடையது என்று காட்ட, அந்தம்மா என் நாற்காலியில், நான் ஓரத்து மிஷினில். ஓவர்லாக் எது, பாபின் எது என்று முதல்நாளே அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான், என்னை எதால் அடிப்பது. கெட்டவள் இல்லை, பயத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தாள். அதிகாரி நேராக என்னிடம் வந்து, "முதலாளியம்மா உங்களை நல்லாப் பாத்துக்கறாங்களா?" என்றார். "நல்லாப் பாத்துக்கறாங்க சார்" என்றேன். அந்தம்மா தலையைக் குனிந்துகொண்டாள். தொழிலாளி என்று போட்டிருந்த இடத்தில் என் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு அதிகாரி போனார்.

இனி நீ புகார் எழுதினால், பொய் சொன்னவள் என்று முதலில் கூப்பிடுவது என்னைத்தான். அழுகையாக வருகிறது, யாரிடம் சொல்வது? நீ நல்லா இருக்கணும், ஒரு குறையும் வரக்கூடாது. குளிரில் தலையைத் துவட்டாமல் வெளியே போகாதே. புகாரைக் கிழித்துப் போட்டுவிட்டேன் என்று எனக்கு ஒரு வரி எழுது.

ஆசிகளுடன்,
உன் அம்மா