உன் பழைய களிம்பும் உன் தாயின் கண்ணும்

உலு திராம்,
ஞாயிற்றுக்கிழமை.

மகன் மதிவாணனுக்கு,

பெர்த் நகரில் நீயும் மருமகளும் பேத்தியும் நலமாகவே இருப்பீர்கள். இங்கே நான் நலம். உன் தாய் நலமில்லை. அதற்கு நீயே பொறுப்பு. நான் அழைத்தால் நீ எடுப்பதில்லை. போன திங்கட்கிழமை நீ உன் தாயோடு பேசுகையில் நான் இடையில் நாலு சொல் சொன்னதற்கு, "அப்பா மேடை ஏறிட்டாரு" என்று மருமகளிடம் நீ சிரித்துச் சொன்னது என் காதிலேயே விழுந்தது. ஆகவே எழுதி, படமெடுத்து, நீங்கள் வாட்ஸ்அப் என்னும் புலனத்தில் அனுப்புகிறேன். எழுத்தை நடுவில் துண்டிக்க உன்னால் இயலாது.

சென்ற வாரம் உன் தாய்க்கு வலக்கண் சிவந்து, காலையில் இமைகள் பீளையால் ஒட்டிக்கொண்டன. என்னிடம் மறைத்தாள், உன்னிடம் சொன்னாள். நீ கைப்பேசித் திரையில் அந்தக் கண்ணைப் பார்த்தாய், பார்த்த நொடியில் மருத்துவனாகிவிட்டாய். பாலம் கட்டும் பொறியாளனுக்குக் கண்ணைப் பற்றி என்ன தெரியும்? "போன தீபாவளிக்கு நான் வச்சிட்டுப் போன ஆயின்ட்மென்ட் இருக்குல்லம்மா, அதப் போடுங்க. கிளினிக்லாம் வேணாம் லா, சும்மா காத்திருக்க வைப்பாங்க" என்றாயாம். நீ உன் கண்ணுக்கு இட்டு மிச்சம் வைத்துப்போன குழாய் அது. மகன் கடல் கடந்து கொண்டுவந்தது என்று அவள் அதைச் சாமி மேடையில் குங்குமச் சிமிழோடு சேர்த்து வைத்திருந்தாள். குழாயின் வாயில் குங்குமம் ஒட்டியிருந்ததை நானே கண்டேன். அதோடு நின்றாளா? கோயிலில் பூத்தொடுக்கும் பெண்களுள் யார் கண் உறுத்துகிறது என்றாலும், "எம்மவன் ஆஸ்திரேலியாவுலேர்ந்து கொண்டாந்தது" என்று பெருமையோடு இமையில் முனை பட இட்டுவிட்டாள். இப்போது அந்த வரிசை முழுதும் சிவந்த கண்கள். நேற்று அடுத்த வீட்டு ராசம்மா நம் வாசலில் நின்று, "என்னா கமலாட்சி, ஒம்மவன் மருந்து போட்டு எங்கண்ணு தக்காளியாப் போச்சே, இன்னொரு டியூப் அனுப்பச் சொல்லு, கொழம்பு வச்சிரலாம்" என்றார். தெருவே சிரித்தது.

உன் தாயை மருத்துவர் பிரேமலாவிடம் இழுத்துக்கொண்டு போனேன். "மேலோட்டமான தொற்றுதான் ஐயா, புது ஆயின்ட்மென்ட் போட்டா சரியாயிரும். பழசத் தூக்கிப் போடுங்க. தொறந்து ஒரு மாசத்துக்கு மேல வச்சிக்கக் கூடாது, ஒருத்தர் டியூப்ப இன்னொருத்தர் போடவே கூடாது" என்றார். கையைக் கழுவி, கீழிமையை இழுத்து, முனை எங்கும் படாமல் மெல்லிய கோடாக இட வேண்டும், சிவப்பு மறைந்தாலும் சொன்ன நாள்வரை நிறுத்தக்கூடாது, வலியோ ஒளிக்கூச்சமோ பார்வை மங்கலோ வந்தால் அன்றே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று தெளிவாகவே சொன்னார். உன் தாய் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்ததும் புதுக்களிம்பை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு உன் குழாயைப் பிதுக்கினாள். பறித்து எறிந்தேன். குப்பைத்தொட்டியில் கைவிட்டெடுத்து, கழுவி, முந்தானையில் முடிந்துகொண்டாள். "அவன் சொல்லட்டும், போடுறேன். நீங்க மேடையில போய்ப் பேசுங்க, அங்கதான் கை தட்டுவாங்க" என்கிறாள். இன்று காலை இடக்கண்ணும் ஒட்டிக்கொண்டது.

மதிவாணா, என் சொல்லுக்கு இந்த வீட்டில் மதிப்பில்லை என்பதை உனக்கு எழுத எனக்கு எவ்வளவு கசக்கும் என்று நீ அறிவாய். ஆயினும் கெஞ்சவில்லை, ஆணையிடுகிறேன். இதைப் படித்தவுடன் அழை. என்னை அல்ல, அவளை. நான் சொன்னது தவறு அம்மா என்று உன் வாயால் சொல். அந்தக் குழாயைத் திரைமுன் பிடிக்கச் சொல்லிக் கத்தரிக்கோலால் வெட்டவை. புதியதை அவள் இரு கண்களிலும் இடும்வரை அழைப்பைத் துண்டிக்காதே. வேலை, கூட்டம் என்று கதை அளக்காதே. மருந்து சொல்ல நேரமிருந்தவனுக்கு இதற்கும் நேரம் உண்டு.

மருமகளுக்கும் பேத்திக்கும் என் நெஞ்சார்ந்த வாழ்த்துகள். பேத்தி கழுவாத கையால் கண்ணைக் கசக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். உனக்குரிய வாழ்த்தை நிறுத்தி வைத்திருக்கிறேன். உன் தாயின் கண்ணில் புதுக்களிம்பு பட்ட பிறகு அவளிடமே கேட்டு வாங்கிக்கொள்.

இப்படிக்கு,
இன்னும் உன் தந்தையாகவே இருக்கும்
திருச்செல்வம்