ராட்டினம் வெளியே போன வழி

ஜூலை 9, 2007. திங்கள்.

காலையிலிருந்து மூட்டம். ஒரு சொட்டு விழவில்லை. கரண்ட் பத்தரைக்குப் போய்ப் பன்னிரண்டுக்கு வந்தது. புடவைக்குப் புது முந்தி டிசைன் பாதிதான் ஆகியிருக்கிறது.

தபால்:
1. கல்யாணப் பத்திரிகை, கண்ணமங்கலத்திலிருந்து. யார் வீடு என்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை.
2. இன்டர்நெட் கம்பெனியின் பதிவுத் தபால். பில் என்று நினைத்துப் பிரித்தேன். இல்லை.

இரண்டு பக்க ஆங்கிலம். மூன்று முறை படித்துப் புரிந்துகொண்டது: போன மாதம் ஒரு ஞாயிறு மதியம் 2.43க்கு எங்கள் இணைப்பிலிருந்து ஓர் ஆங்கிலப் பேய்ப் படம் ‘மற்றவர்களுக்கு வழங்கப்பட்டிருக்கிறது’. படத்தின் சொந்தக்காரர் அமெரிக்காவிலிருந்து புகார். பத்து நாளுக்குள் அழித்துவிட்டு எழுத்தில் பதில் தர வேண்டும். இல்லாவிட்டால் இணைப்பு துண்டிக்கப்படும். அடியில் புள்ளி வைத்துப் பிரித்த நாலு எண்கள், அதுதான் அன்றைக்கு என் கம்ப்யூட்டரின் முகவரியாம்.

பயம் வரவேண்டும். வரவில்லை, ஆச்சரியம்தான் வருகிறது. ஆரணியில் ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் என்ன செய்கிறேன் என்று பார்க்க அமெரிக்காவில் ஒருவருக்கு நேரம் இருக்கிறதே! இவர் பக்கத்தில் படுத்துக் குறட்டை விடுகிறார், இவருக்கே தெரியாது.

இன்டர்நெட்டிலிருந்து படத்தை எடுத்தது நிஜம். ஆனால் யாருக்குக் கொடுத்தேன்? எதிர்வீட்டுக்குக்கூடக் கொடுக்கவில்லை.

ஜூலை 10. செவ்வாய்.

கம்பெனிக்கு போன். இருபது நிமிடம் பாட்டு கேட்ட பிறகு ஒரு பெண் வந்தாள்.

“மேடம், நீங்க எடுத்தத பத்தி இல்ல. ஷேர் பண்ணியிருக்கீங்க.”

“யாருக்கும்மா?”

“அது எங்களுக்குத் தெரியாது மேடம். கனெக்‌ஷன் வீட்டு உபயோகமா, தொழிலா?”

தொழில் என்றேன். என்ன தொழில் என்றாள். கம்ப்யூட்டரில் புடவை டிசைன் போடுகிறேன், கட்டம் கட்டமாகத் தாளில் பிரின்ட் எடுப்பேன், அதைப் பார்த்து ஒருவர் அட்டையில் ஓட்டை குத்துவார், அந்த அட்டையைத் தறியில் மாட்டினால் டிசைன் புடவையில் விழும் என்றேன். அப்படியா மேடம், எங்க அம்மா ஆரணிப் பட்டுதான் கட்டுவாங்க என்றாள். நல்ல பெண். ஆனால் பதில் எழுதியே ஆக வேண்டுமாம்.

மதியம் புளிக்குழம்பு. தலைவலி. படத்தை அழிப்பதற்கு முன்னால் இன்னொரு முறை பார்த்தேன். இதற்கா இத்தனை பாடு? பேய் கடைசியில்தான் வருகிறது.

ஜூலை 11. புதன்.

கம்ப்யூட்டர் ரிப்பேர் சேகர் வந்தான். படம் இறக்கும் சாஃப்ட்வேரை சி.டி.யில் கொண்டுவந்து போட்டுத் தந்தவன் அவன்தான். கடிதத்தைக் காட்டினேன். சிரித்தான்.

“அக்கா, நீங்க எடுத்துகினு இருக்கும்போதே அது மத்தவங்களுக்குக் குடுத்துகினும் இருக்கும். அதான் அதோட வேலையே.”

“எனக்குத் தெரியாமலா?”

“தோ, கீழ பாருங்க.”

கீழே ஒரு பட்டியல், இவ்வளவு நாளும் நான் பார்க்காதது. சின்னச் சின்னக் கோடுகள் நகர்ந்துகொண்டே இருந்தன. யார் யாரோ புனைபெயர்களில். பக்கத்தில் நாட்டுக் கொடி. போலந்து, பிரேசில், இன்னொன்று என்ன கொடி என்று சேகருக்கும் தெரியவில்லை. நான் கேசரிக்கு ரவை வறுத்த நேரத்தில் பிரேசிலுக்கு ஏதோ போய்க்கொண்டிருந்திருக்கிறது. சந்தோஷமாகக்கூட இருந்தது, வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

படம்தான் அழித்தாயிற்றே, இன்னும் என்ன போகிறது என்று கேட்டேன். அவன் ஏதோ திறந்தான். சிரிப்பு நின்றுவிட்டது.

“எந்த ஃபோல்டர குடுத்திருக்குதுன்னா... டி டிரைவ் மொத்தமும் குடுத்திருக்குதுக்கா.”

டி டிரைவில் இருப்பவை:
- படங்கள், பாட்டுகள்
- கொடைக்கானல் போட்டோ
- தங்கச்சி ஜாதகம் (ஒருவர் எடுத்திருக்கிறார். பொருத்தம் பார்த்தாரோ என்னவோ)
- டிசைன். நாலு வருடத்து டிசைன் எல்லாமே.

“சி டிரைவ்ல இடம் இல்லன்னு நான்தான் டி குடுத்தேன். எல்லா வீட்லயும் அப்டித்தான் போட்டேன். பேஜாரா பூடுச்சே” என்றான். டீ குடிக்காமலே போய்விட்டான்.

ஜூலை 12. வியாழன்.

காற்று. தெரு முழுக்கப் புழுதி.

சாஃப்ட்வேரை நீக்கும் முன் ஒன்று பார்க்கத் தோன்றியது. எதையும் கிண்டிப் பார்க்காமல் இருக்க முடியாத புத்தி எனக்கு. தேடும் இடத்தில் ‘புடவை முந்தி’ என்று ஆங்கில எழுத்தில் அடித்தேன். வந்த வரிசையில் ஒன்றைத் திறந்தால் என் ராட்டினம். என்னிடமிருந்து இல்லை, வேறு மூன்று பேரிடமிருந்து, வேறு பெயரில்.

ராட்டினம் இந்தச் சித்திரையில் நான் போட்ட முந்தி. திருவிழாவில் சுற்றும் பெரிய ராட்டினம், தொட்டிலில் ஆட்களோடு. யாரும் போடாதது. எங்கள் புடவை தறியிலிருந்து இறங்கி ஒரு மாதம் ஆவதற்குள் விசைத்தறியில் போலிப் பட்டில் அதே ராட்டினம் பஜாரில் தொங்கியது. அன்று தொட்டில்களை எண்ணிப் பார்த்தேன். எங்கள் புடவையில் எட்டு, அதில் ஏழு. திருடினவனுக்கு எண்ணக்கூடத் தெரியவில்லை என்று எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தேன்.

இன்று என் ஃபைலைத் திறந்து எண்ணினேன். ஏழு.

நான்தான் ஒரு தொட்டிலை விட்டிருக்கிறேன். பிரின்ட் எடுத்த பிறகு கவனித்து, எட்டாவதைச் சிவப்புப் பேனாவால் தாளிலேயே கட்டம் நிரப்பிக் கொடுத்தேன். ஃபைலைத் திருத்தச் சோம்பல். அந்தத் தாளைப் பார்த்து அட்டை குத்தியவன் ஏழுமலை. தாளிலிருந்து திருடினால் எட்டு இருக்க வேண்டும். ஏழு என்றால் அது என் கம்ப்யூட்டரிலிருந்துதான் போயிருக்கிறது.

சமையல் எதுவும் செய்யவில்லை. இவர் ஓட்டலில் பொட்டலம் வாங்கிவந்தார்.

ஜூலை 13. வெள்ளி.

எழுதிவிடுகிறேன், எழுதாவிட்டால் மழுப்பத் தோன்றும்.

மே மாதம், ஜரிகைக் கடை வாசல், பத்துப் பேர் எதிரில் நான் ஏழுமலையிடம் சொன்னது: “குத்தத் தெரிஞ்ச கைக்கு விக்கவும் தெரிஞ்சுபோச்சு.” அவன் சொன்னது: “அக்கா, தாள் எங்க வூட்டுப் பொட்டியிலயே கீதுக்கா. வந்து பாருங்க.” நான் போய்ப் பார்க்கவில்லை. எல்லாரும் உடனே நம்பினார்கள், ஒருவர்கூட எதிர்க்கேள்வி கேட்கவில்லை. அவன் ஊரும் அவன் தெருவும்தான் அதற்குக் காரணம் என்று எனக்கு அப்போதே தெரியும். எனக்கு அது வசதியாக இருந்தது.

அதன் பிறகு ஊரில் எந்த டிசைனரும் அவனிடம் தாள் கொடுப்பதில்லை. இப்போது செய்யாறில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை.

இவரிடம் சொன்னேன். “உடு. அவனுக்கு மாசம் பொறந்தா சம்பளம் வந்துகினு தானே கீது? இப்பப் போய்ச் சொன்னா நம்ம பேரு இன்னா ஆவும்?”

“அவன் பேரு?”

தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். கோபமில்லை.

இன்டர்நெட் கம்பெனிக்குப் பதில் எழுதினேன். எடுத்தது உண்மை, கொடுத்தது தெரியாது, அழித்துவிட்டேன், மன்னிக்கவும். எழுதும்போதுதான் உறைத்தது. முகம் தெரியாத கம்பெனி எனக்குப் பத்து நாள் தவணை கொடுத்து, பதில் எழுத முகவரியும் கொடுத்திருக்கிறது. நான் அவனுக்குப் பத்து நிமிடம் கொடுக்கவில்லை.

ஜூலை 14. சனி.

பதிவுத் தபால் அனுப்பியாயிற்று. தையல் கடையில் ரவிக்கை இன்னும் தயாரில்லையாம்.

மதியம் பஸ் பிடித்து ஏழுமலை ஊர். செய்யாறு ரோட்டில் ஐந்தாவது நிறுத்தம். நாலே காலுக்குக் கம்பெனி பஸ் வந்தது. நீலச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. என்னைப் பார்த்து நின்றான். வீட்டுக்குக் கூப்பிட்டான், நாற்காலி போட்டான், அவன் உட்காரவில்லை.

ஏழு, எட்டு, சிவப்புப் பேனா, எல்லாம் சொன்னேன். தப்பு என்னுடையது, மன்னித்துவிடு என்றேன்.

கழுத்து அட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். பிறகு கேட்டது:

“அந்தப் படம், டிசைனு, எத்தினி பேரு எடுத்திருப்பாங்க?”

“தெரியல. பிரேசில்காரன்கூட எடுத்திருக்கான்.”

“பிரேசிலுக்குத் தெரியுது, நான் எடுக்கலன்னு” என்றார். லேசாகச் சிரித்தார். “இங்க வந்து சொன்னீங்க, சரிங்க மேடம். ஆனா நீங்க பேசனது இங்க இல்லயே.”

மேடம். முன்பெல்லாம் அக்கா.

ஜூலை 16. திங்கள்.

நாளை ஆடி பிறக்கிறது. ஜரிகைக் கடையில் கூட்டம். அன்றைய பத்துப் பேரில் ஆறு பேர் இருந்தார்கள். சொன்னேன். ஏழுமலை திருடவில்லை, என் கம்ப்யூட்டரே ஊருக்கெல்லாம் கொடுத்திருக்கிறது, நான்தான் தப்பாகப் பேசினேன் என்று. அவர் பெயரை இரண்டு முறை சொன்னேன்.

கடைக்காரர் தராசிலிருந்து தலையைத் தூக்கினார். “அப்டியா? பாவம்” என்றார். ஜரிகையை நிறுத்துப் பொட்டலம் கட்டினார். ஓரத்தில் உட்கார்ந்திருந்த தறிகளுக்கு முதல் போடும் மாஸ்டர் வீவர் ஒருவர், இரண்டு மாதம் முன்பு ஏழுமலையைத் திருட்டுப் பயல் என்றவர், கிட்டே வந்தார். மெதுவாகக் கேட்டார்.

“அந்த சாப்ட்வேருல காஞ்சிபுரத்துக்காரன் டிசைனும் ஆம்புடுமாம்மா?”

சேகரிடம் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். வழியெல்லாம் சிரிப்பும் அழுகையும். இவர் கேள்விப்பட்டிருக்கிறார். இரவு சாப்பாட்டின்போது, அந்தக் கல்யாணப் பத்திரிகை கண்ணமங்கலத்தில் தன் பள்ளிக்கூட சிநேகிதன் வீட்டிலிருந்து என்று கண்டுபிடித்துச் சொன்னார்.

ஜூலை 18. புதன்.

ஏழுமலைக்கு போன். ஆவணி முகூர்த்தத்துக்குப் புது முந்தி, நீங்கள்தான் குத்தித் தர வேண்டும் என்றேன். ஞாயிறு லீவு, கொண்டாங்க என்றார்.

ஃபைலை நாலு முறை எண்ணிச் சரிபார்த்தேன்.

ஜூலை 22. ஞாயிறு.

நல்ல வெயில். ஏழு மணி பஸ். வீட்டு ஓரத்தில் அட்டை குத்தும் மெஷின், மேலே போர்த்தியிருந்த சாக்கு அன்றைக்குத்தான் எடுத்தது போலிருந்தது. எண்ணெய் விட்டார். தாளை நீட்டினேன். முன்பெல்லாம் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன், ஒரு வாரம் கழித்து அட்டையும் தாளும் வரும். எழுந்தேன்.

“உக்காருங்க மேடம். முடியற வரைக்கும் இருந்து, தாள கையோட எடுத்துகினு போயிருங்க. எங்க வூட்ல ராத்திரி தங்க வேணாம்.”

“ஏழுமலை, நான் அப்படி நினைக்க மாட்டேன் இனி.”

“நீங்க நெனைக்க மாட்டீங்க.”

உட்கார்ந்தேன். அவர் கட்டத்தை வாய்க்குள் படிப்பதும், மெஷின் டக் டக் என்று விழுவதும். அவர் மனைவி மோர் கொடுத்தாள், என் முகத்தைப் பார்க்கவில்லை. மதியம் சோறு. மறுபடி மெஷின். ஐந்து மணிக்கு ஒரு பாகம் முடிந்தது, மீதி அடுத்த ஞாயிறு. தாளைச் சுருட்டி என் கையில் கொடுத்தார்.

“சுத்தி ஒரு வாட்டி பாத்துக்குங்க. வேற எதுனா வுட்டுப் போச்சான்னு.”

வேண்டாம் என்றேன். அவர் நகரவில்லை, வாசலில் நின்றபடியே காத்திருந்தார். குனிந்து மெஷினுக்கு அடியில் பார்த்தேன். தாள் வைக்கும் பெட்டியைத் திறந்தார், அதற்குள்ளும் பார்த்தேன்.